பங்களாவில் டாடி, லயத்தில் சாராயம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். காணித்தடம் வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. அரசுப் பேருந்து மூச்சு வாங்கி நிற்கும் இடம் போனக்காடு. தமிழர்கள் பொதிகை என்று கொண்டாடும் மலையின் மேற்குச் சரிவு. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு ஆண்டுத் தொடக்கத்தில் வனத்துறை அனுமதியுடன் ஏறுபவர்கள் இங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். மற்ற மாதங்களில் வருபவர்களில் பலர் தேடி வருவது ஒரு பேயை. பாழடைந்த துரை பங்களா ஒன்றில் வெள்ளைக்காரச் சிறுமி ஒருத்தியின் ஆவி உலவுகிறது என்பது ஊர்க்கதை.

பேய் இருக்கிறதோ இல்லையோ, அங்கே தேயிலைத் தொழிற்சாலை செத்துக் கிடப்பது உண்மை. வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டம் அது. கைமாறி, நலிந்து, நிர்வாகம் கைகழுவியபின் தொழிலாளர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களில் பலர் தலைமுறைகளுக்கு முன் மலைக்கு அழைத்து வரப்பட்ட தமிழர்களின் வாரிசுகள். சம்பள பாக்கி, பணிக்கொடை பாக்கி என்று அவர்கள் கணக்கு நீண்டுகொண்டே போனது. லயம் எனப்படும் வரிசை வீடுகளில் பல பழுதாகிவிட்டன. மழையும் குளிரும் மட்டும் தவறாமல் வேலைக்கு வருகின்றன.

இத்தகைய மலைகளில்தான் ஒரு பானத்துக்கு நல்ல மரியாதை இருந்தது. தேயிலைத் தோட்டங்களை நடத்திய துரைமார்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கணிசம். பொழுது சாய்ந்தால் பங்களா வராந்தாவில் கோப்பை வைப்பது தோட்டத்துரைகளின் நித்திய சடங்கு. சளி பிடித்தாலோ குளிர் எலும்பைத் தொட்டாலோ, விஸ்கியில் சுடுநீர், தேன், எலுமிச்சைச் சாறு, கிராம்பு சேர்த்துக் குடிப்பது அவர்கள் ஊர் வழக்கம். அதன் பெயர் ஹாட் டாடி. விஸ்கியை வைத்து வீட்டில் செய்யக்கூடிய காக்டெயில்களில் இதைவிட எளியது அரிது. குலுக்கும் குப்பி வேண்டாம், பனிக்கட்டி வேண்டாம். ஒரு கெட்டிலும் ஒரு கரண்டியும் போதும்.

டாடி என்ற பெயரைக் கேட்டு அப்பாவை நினைத்துக்கொள்பவர்கள் ஏமாறுவார்கள். பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர்கள் ஊரிலேயே இரண்டு கதைகள் உண்டு. எடின்பரோவின் டாட் ஊற்றுத் தண்ணீரில் கலந்ததால் டாடி என்பது ஒன்று. நோயாளிகளுக்குச் சுடச்சுட பிராந்தி கொடுத்து வைத்தியம் பார்த்த ராபர்ட் பென்ட்லி டாட் என்ற 19ஆம் நூற்றாண்டு டாக்டரின் பெயர் என்பது இன்னொன்று. இரண்டும் நிற்கவில்லை. டாக்டர் டாட் பிறந்தது 1809இல். அந்தச் சொல்லோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. ஏற்றியவர்கள் இந்தியாவுக்கு வந்த கப்பல்காரர்களும் வணிகர்களும். சமஸ்கிருதத்தில் தாலம் என்றால் பனை. இந்தியில் பனை தாட் ஆயிற்று, அதன் கள் தாடி ஆயிற்று. தாடி ஆங்கிலேயர் வாயில் டாடி. நம் பனங்கள்ளுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்தான் 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து போய் விஸ்கிக் கலவைக்கு ஒட்டிக்கொண்டது. திரும்பி வரும்போது தோட்டத்துரையின் பெட்டியில் வந்தது. மரத்தடிக் கள்ளுக்கும் பங்களாக் கோப்பைக்கும் ஒரே பெயர் என்பது துரைக்கும் தெரிந்திருக்காது, அவருக்குக் கோப்பை ஏந்திய சமையற்காரருக்கும் தெரிந்திருக்காது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் கடைகளில் விற்கும் விஸ்கிக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'இந்தியாவில் தயாரித்த அயல்நாட்டு மது'. ஹாட் டாடியோ அயல்நாட்டில் தயாரித்த இந்தியப் பெயர். உள்ளூர் விஸ்கிகளில் பெரும்பாலானவை கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த எரிசாராயத்தில் கொஞ்சம் மால்ட் சேர்த்தவை. தானியத்தில் வடித்து மூன்று ஆண்டுகளாவது மரப்பீப்பாயில் ஊறாததை ஐரோப்பிய நாடுகள் விஸ்கி என்று ஒப்புக்கொள்வதில்லை. நம்மிடமும் பார்லியில் வடித்து முறையாக முதிரவைப்பவர்கள் இருக்கிறார்கள். பெங்களூர் அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட்டை முதலில் விற்பனைக்கு வைத்ததே 2004இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில்தான். ஆனால் டாடிக்கு அவ்வளவு உயர்ந்த சரக்கு தேவையில்லை. தேனும் எலுமிச்சையும் கிராம்பும் சேர்ந்த இடத்தில் பீப்பாயின் நுண்மணம் நிற்காது. விலை உயர்ந்ததை இதில் ஊற்றுவது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பது போல.

இனி செய்முறை. ஒருவருக்கான அளவு: விஸ்கி 30 மில்லி, தண்ணீர் 150 மில்லி, தேன் இரண்டு தேக்கரண்டி, அரை எலுமிச்சம்பழத்தின் சாறு, கிராம்பு மூன்று, ஒரு சிறு துண்டு பட்டை. விரல்நுனி அளவு இஞ்சியும் சேர்க்கலாம். முதலில் கோப்பையில் சுடுநீர் ஊற்றிக் கொட்டிவிட வேண்டும். குளிர்ந்த கோப்பை பாதிச் சூட்டைக் குடித்துவிடும். கண்ணாடித் தம்ளர் என்றால் உள்ளே ஒரு கரண்டியைப் போட்டுவைத்து ஊற்றினால் விரிசல் விடாது. கிராம்பு, பட்டை, இஞ்சி மூன்றையும் தண்ணீரில் போட்டு மூடி, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும். இரண்டு நிமிடம் ஆறவிட்டுத் தேனைக் கரைத்து, சாற்றைப் பிழிந்து, கடைசியில் விஸ்கி.

கடைசியில் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆல்கஹால் 78 டிகிரியில் ஆவியாகிவிடும். கொதிக்கிற தண்ணீரில் ஊற்றினால் மணம் முழுக்க மூக்கில் ஏறி இருமல் வரும், கோப்பையில் மிஞ்சுவது கசப்பு. அடுப்பில் வைத்து விஸ்கியைச் சுடவைப்பதோ இன்னும் மோசம், ஆவி தீப்பிடிக்கும்.

தேயிலை நாட்டில் தண்ணீருக்குப் பதில் கட்டன் சாயா சேர்ப்பது இயல்பு. ஒரு தேக்கரண்டித் தூளை மூன்று நிமிடத்துக்கு மேல் ஊறவிடக் கூடாது, துவர்ப்பு தலையெடுக்கும். எலுமிச்சை விழுந்ததும் சாயாவின் நிறம் செம்பழுப்பிலிருந்து பொன்னிறத்துக்கு இறங்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல, புளிப்பின் வேலை. பாலை மட்டும் பக்கத்தில் விடக்கூடாது, திரிந்துவிடும்.

செய்முறையில் முக்கியமான பொருள் எது என்று கேட்டால் விஸ்கி என்பார்கள். அளவு என்பதுதான் சரியான விடை. கடை விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அப்படியானால் 30 மில்லியில், அதாவது ஒரு சின்னப் பெக்கில், சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால். அதை ஈரல் எரித்து முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். இரண்டாவது கோப்பையை அதற்குள் கொடுத்தால் ஈரல் வரிசையில் நிற்க வைத்துவிடும், ரத்தத்தில் ஏறும். டாடியின் ஆபத்தும் இங்கேதான். இனிப்பும் சூடும் சரக்கின் காரத்தை மறைத்துவிடுகின்றன. சாயா குடிக்கிற வேகத்தில் உள்ளே போகும். கண்ணளவு உதவாது. இருமல் மருந்துடன் வரும் பிளாஸ்டிக் அளவு மூடி எந்த வீட்டிலும் இருக்கும். 15 மில்லி மூடி என்றால் இரண்டு, 10 மில்லி என்றால் மூன்று.

இருமல் மருந்து என்றதும் அடுத்த கேள்வி வரும். இது மருந்தா? சளிக்கு டாடி என்பது இங்கிலாந்துப் பாட்டி வைத்தியம். நம் ஊரிலும் குழந்தைக்குக்கூட அரைக் கரண்டி பிராந்தி கொடுத்த பாட்டிமார்கள் உண்டு. 2008இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. சளிக்காய்ச்சல் கண்ட 30 பேரிடம் பழரசம் கொடுத்துப் பார்த்தார்கள், சூடாகவும் சாதாரண வெப்பத்திலும். சூடாகக் குடித்தபோது மூக்கொழுகல், இருமல், தும்மலுடன் தொண்டைவலி, குளிர் நடுக்கம், அசதி ஆகியவையும் உடனே குறைந்ததாகச் சொன்னார்கள். சூடில்லாத ரசம் முதல் மூன்றுக்கு மட்டுமே உதவியது. அந்தப் பழரசத்தில் சொட்டு மதுகூடக் கிடையாது. டாடி தருகிற சுகத்தில் பெரும்பங்கு சுடுநீருக்குச் சேர வேண்டியது. பெயரைத் தட்டிக்கொண்டு போவது விஸ்கி.

குளிர் கதையும் இதேதான். மது உள்ளே போனதும் தோலுக்கு அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் விரிகின்றன. வெதுவெதுப்பான ரத்தம் மேலே வருகிறது. முகம் சிவக்கிறது, குளிர் போனதாகத் தோன்றுகிறது. உண்மையில் உடலின் உள்ளே இருந்த சூடு தோல் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. போர்வைக்குள் இருப்பவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. நனைந்த உடையோடு மலையில் நிற்பவருக்கு இது உயிர் நஷ்டம். அகத்தியர்கூடம் ஏறுபவர்கள் மது கொண்டுபோகக் கூடாது என்று வனத்துறை விதித்திருப்பதற்கு ஒழுக்கம் மட்டும் காரணம் அல்ல. இறங்கி வந்தபின் ஸ்டியரிங் பிடிக்க வேண்டியவருக்கும் இது பொருந்தும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமாலோ, தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரையோ போட்டவர்கள் டாடியின் பக்கமே போகக்கூடாது. எவ்வளவு குறைந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஆசைக்குக் குடிப்பவர் ஆசைக்கு என்று சொல்லிக் குடிப்பது நேர்மை. மருந்து என்று சொல்லிக் குடிக்கும்போதுதான் அளவு கைநழுவுகிறது.

மதுவை மருந்துச் சீட்டில் எழுத முடியுமா என்பது கேரளத்தில் கோர்ட் வரை போன கேள்வி. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் மூடப்பட்டபோது, குடிக்கு அடிமையானவர்கள் கைநடுக்கத்திலும் மனக்குழப்பத்திலும் தவித்தார்கள். டாக்டர் சான்று கொண்டுவந்தால் மது தரலாம் என்று மாநில அரசு உத்தரவு போட்டது. டாக்டர்களின் சங்கங்கள் கொதித்தெழுந்தன. அந்த நிலைக்கு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இருக்கிறது, மது சிகிச்சை அல்ல என்றன. ஏப்ரல் 2ஆம் தேதி உயர்நீதிமன்றம் உத்தரவை நிறுத்திவைத்தது. டாக்டர் டாட்டின் வைத்தியம் அன்று அதிகாரபூர்வமாக முடிவுக்கு வந்தது எனலாம்.

வீட்டில் கலப்பது வேறு, வீட்டில் காய்ச்சுவது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் மெத்தனால் கலந்த சாராயம் 31 உயிர்களைக் கொண்டுபோனது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் இறந்தவர்கள் 60க்கும் மேல். கேரளத்தில் 23 வயது நிரம்பியவர் வீட்டில் மூன்று லிட்டர் வரை இந்தியத் தயாரிப்பு மது வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பீகாரிலும் குஜராத்திலும் ஒரு பாட்டிலே ஜெயிலுக்கு வழி.

கல்லுவாதுக்கலிலும் கள்ளக்குறிச்சியிலும் செத்தவர்கள் பெரும்பாலும் கூலிவேலைக்காரர்கள். இங்கேதான் பங்களாவும் லயமும் பிரிகின்றன. ஒரே ஆல்கஹால்தான். பங்களாவில் அதற்குத் தேன், எலுமிச்சை, அளவுக் கோப்பை, அழகான ஒரு பெயர், அடுத்த மாதச் சம்பளம். மலையடிவாரத்தில் கூலி வாங்கிய கையோடு நின்று குடித்தவருக்குச் சாராயம், கெட்ட பெயர், காலி மடி. 1996 ஏப்ரல் 1ஆம் தேதி ஏ.கே. அந்தோணி அரசு சாராயத்தைத் தடை செய்தது. 2014இல் உம்மன் சாண்டி அரசு ஐந்து நட்சத்திர ஓட்டல்கள் தவிர மற்ற பார்களை மூட முனைந்தது, 2017இல் அடுத்த அரசு அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. சாராயம் போன இடத்தில் அரசு மதுக்கழகத்தின் ரம்மும் பிராந்தியும் வந்தன. குளிருக்கு என்ற சாக்கு மட்டும் எந்த அரசு வந்தாலும் மாறவில்லை. குளிருக்கென்று தொடங்குகிற பழக்கத்துக்குத் துரை கொடுத்த விலை ஒரு பெக். தினக்கூலிக்காரர் கொடுக்கிற விலை அன்றைய அரிசி. கூலியே வராத தோட்டத்தில் அந்த விலை இன்னும் கூடுதல்.

இதற்கு மாற்று பழைய வீடுகளிலேயே இருக்கிறது. டாடியிலிருந்து விஸ்கியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? சூடு, இனிப்பு, காரம், மணம். தமிழ் வீடுகளில் அதற்குப் பெயர் சுக்குக் காப்பி. இரண்டு தம்ளர் தண்ணீரில் தட்டிய சுக்கு ஒரு துண்டு, மல்லி ஒரு தேக்கரண்டி, மிளகு ஆறேழு, ஏலக்காய் ஒன்று போட்டு, ஒன்றரைத் தம்ளராகச் சுண்டியதும் கருப்பட்டி கரைத்து வடிகட்டினால் முடிந்தது. குழந்தை முதல் பாட்டி வரை வீட்டில் எல்லோரும் குடிக்கலாம், மாத்திரை போட்டவரும் குடிக்கலாம். டாடிக்கு அந்தத் தகுதி இல்லை.

பெயர்ப் பொருத்தம் பார்த்தாலும் சுக்குக் காப்பிக்குத்தான் வெற்றி. பனையின் பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் வடிவது புளிக்காத பதநீர். தடவாவிட்டால் அதே நீர் சில மணி நேரத்தில் கள். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. பனையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட ஹாட் டாடியில் பனையின் சொட்டு ஒன்றுகூட இல்லை. பெயர் கேட்காத சுக்குக் காப்பியின் அடிமட்டத்தில் பனைதான் இருக்கிறது.

விருந்தினர் வரும் மாலையில் டாடி கலப்பவர் கலக்கட்டும். அளவு மூடியைக் கழுவி வைத்துவிட்டுக் கலக்கட்டும், கலக்கும்போது மருந்து என்று சொல்லாமல் இருக்கட்டும். அதே மாலையில் போனக்காட்டு லயத்தில் அடுப்பு எரியும். இலை பறித்தே காலம் கழித்த ஒருத்தி சுக்கைத் தட்டிக்கொண்டிருக்கலாம். அவள் காத்திருக்கும் வெதுவெதுப்பு கோப்பையில் அடங்குவது அல்ல. ஒழுகாத கூரை, பாக்கியில்லாத சம்பளம். அவை வந்து சேரும்வரை அவளுக்குச் சுக்குக் காப்பிதான் துணை.